பாலிபாஸ்பசீன்கள்: பாஸ்பரஸ்–நைட்ரஜன் பலபடிகளைத் தயாரிக்கும் முறைகள்

பாலிபாஸ்பசீன்கள் என்பவை பாஸ்பரஸ் அணுவும் நைட்ரஜன் அணுவும் மாறி மாறி இணைந்த நீண்ட சங்கிலியை முதுகெலும்பாகக் கொண்ட பலபடிகள் (பாலிமர்கள்) ஆகும். முதுகெலும்பில் கார்பன் அணு ஒன்றுகூட இல்லாததால் இவை கனிமப் பலபடிகள் என்னும் வகையில் அடங்கும். ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவும் சங்கிலிக்கு வெளியே இரண்டு பக்கத் தொகுதிகளைத் தாங்கி நிற்கும். நைட்ரஜன் அணுவில் பக்கத் தொகுதி கிடையாது.

பள்ளி வேதியியலில் மாணவர்கள் சந்திக்கும் பாலிஎத்திலீன், பி.வி.சி., நைலான், இயற்கை ரப்பர் ஆகிய அனைத்தும் கார்பனை அடிப்படையாகக் கொண்டவை. எனவே ‘பலபடி என்றால் கார்பன்’ என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிடுகிறது. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் சிலிக்கோன் அதற்கு ஒரு விலக்கு. பாலிபாஸ்பசீன் மற்றொரு விலக்கு. பக்கத் தொகுதிகளை மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான பாலிபாஸ்பசீன்கள் இதுவரை தயாரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ரப்பர் உண்டு, இழை உண்டு, கண்ணாடி போன்றது உண்டு, நீரில் கரைவது உண்டு, உடலுக்குள் தானே சிதைந்து மறைவதும் உண்டு.

இக்கட்டுரை இவற்றைத் தயாரிக்கும் முக்கிய வழிகளை விளக்குகிறது. ஒவ்வொரு வழியும் முந்தைய வழியிலிருந்த ஒரு குறையைத் தீர்க்கவே எழுந்தது. எந்தக் குறையை எந்த வழி தீர்த்தது என்று பார்த்துக்கொண்டே படித்தால் வினைகள் எளிதில் நினைவில் நிற்கும்.

அமைப்பும் பண்புகளும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கீரிப்பாறை, குலசேகரம் பகுதித் தோட்டங்களில் எடுக்கப்படும் ரப்பர் பாலில் உள்ள பலபடி பாலிஐசோபிரீன் ஆகும். அதன் முதுகெலும்பு முழுவதும் கார்பன். அதிலுள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் தாக்கி வெடிப்பு விழச் செய்யும். பெட்ரோலிலும் எண்ணெயிலும் அது ஊறிப் பருத்துவிடும். தீப்பிடித்தால் கரும்புகையுடன் எரியும்.

பாலிபாஸ்பசீனின் முதுகெலும்பு வேறு வகையானது. அதிலுள்ள பாஸ்பரஸ் ஏற்கெனவே தன் உச்ச ஆக்சிஜனேற்ற நிலையான +5இல் இருப்பதால், முதுகெலும்பு மேலும் ஆக்சிஜனேற்றம் அடைவது கடினம். தக்க பக்கத் தொகுதிகளை இணைத்தால் தீயை எதிர்க்கும், எண்ணெயில் ஊறாத, கடுங்குளிரிலும் விறைக்காத ரப்பர் கிடைக்கும்.

இதன் அமைப்பை வரையும்போது ஒற்றைப் பிணைப்பையும் இரட்டைப் பிணைப்பையும் மாறி மாறிப் போடுவது வழக்கம். உண்மையில், இதே அலகுகளாலான மூன்று பாஸ்பரஸ், மூன்று நைட்ரஜன் கொண்ட குளோரோ வளையத்தில் எல்லாப் பிணைப்புகளும் ஏறத்தாழ 1.58 ஆங்ஸ்ட்ராம் என்ற ஒரே நீளம் கொண்டவை. சாதாரண பாஸ்பரஸ்–நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பின் நீளம் சுமார் 1.77 ஆங்ஸ்ட்ராம். பிணைப்பு இவ்வளவு சுருங்கியிருந்தாலும் பென்சீனில் போல எலக்ட்ரான்கள் வளையம் முழுதும் பரவி நிற்பதில்லை. பாஸ்பரஸின் டி-ஆர்பிட்டால்களைக் கொண்டு இதை விளக்குவது பழைய முறை. பாஸ்பரஸில் நேர்மின் சாயலும் நைட்ரஜனில் எதிர்மின் சாயலும் மிகுந்த பிணைப்பு என்பதே இன்றைய கணக்கீடுகள் தரும் விளக்கம். ஆகவே பிணைப்பைச் சுற்றிச் சங்கிலி எளிதாகச் சுழல முடிகிறது. பக்கத் தொகுதி குளோரினாக இருக்கும்போது இப்பலபடியின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை −60 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இருப்பது இதனால்தான்.

வரலாறு

1834இல் ஹைன்ரிச் ரோஸ் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடையும் அம்மோனியாவையும் வினைபுரியச் செய்து ஆராய்ந்தார். அதே ஆண்டில் லீபிக்கும் வோலரும் அவ்வினையிலிருந்து வெண்ணிறப் படிகம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். பாஸ்பரஸ், நைட்ரஜன், குளோரின் மூன்றும் கொண்ட அப்படிகம் வெந்நீரிலும் எளிதில் சிதையாமல் நின்றது. அதன் அமைப்பு நெடுங்காலம் விளங்கவில்லை.

1890களில் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டோக்ஸ் இச்சேர்மங்களை முறையாக ஆராய்ந்து, அவை வளைய அமைப்புடையவை என்று கருத்துரைத்தார். அப்படிகத்தை மூடிய குழாயில் வைத்துச் சூடாக்கியபோது அது ரப்பர் போன்ற பொருளாக மாறியதையும் அவர் கண்டார். அப்பொருளுக்குக் ‘கனிம ரப்பர்’ என்ற பெயர் நிலைத்தது.

அந்தக் கனிம ரப்பர் எதற்கும் பயன்படவில்லை. எந்தக் கரைப்பானிலும் அது கரையவில்லை. ஊறிப் பருக்க மட்டுமே செய்தது. கரையாத பொருளைத் தூய்மைப்படுத்தவோ, வார்க்கவோ, வேறொன்றுடன் முழுமையாக வினைபுரியச் செய்யவோ முடியாது. அத்துடன், காற்றிலுள்ள ஈரம் பட்டால் பாஸ்பரஸ்–குளோரின் பிணைப்பு நீராற்பகுப்படைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிவரும்; பொருள் நாளடைவில் சிதைந்துபோகும். இந்நிலை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நீடித்தது.

1965இல் ஹாரி ஆல்காக்கும் குகலும் இதற்கு விடை கண்டனர். கரையாமைக்குக் காரணம் சங்கிலிகளுக்கிடையே ஏற்படும் குறுக்குப் பிணைப்பு என்றும், வினையை முழுமையடைய விடாமல் இடையில் நிறுத்தினால் குறுக்குப் பிணைப்பு இல்லாத, கரையக்கூடிய பலபடி கிடைக்கும் என்றும் அவர்கள் காட்டினர். கரைந்த நிலையில் அதன் குளோரின் அணுக்கள் அனைத்தையும் நீக்கிக் கரிமத் தொகுதிகளை இணைத்தனர். இவ்வாறு கிடைத்த பொருளை ஈரம் சிதைக்கவில்லை. பின்னர் ஆல்காக் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இத்துறையைப் பல பத்தாண்டுகள் வளர்த்தார்.

தொடக்கப் பொருள்: குளோரோ மும்படி

பெரும்பாலான தயாரிப்புகள் ஹெக்சாகுளோரோ சைக்ளோ டிரைபாஸ்பசீன் என்னும் வளையச் சேர்மத்திலிருந்து தொடங்குகின்றன. மூன்று பாஸ்பரஸ், மூன்று நைட்ரஜன், ஆறு குளோரின் கொண்ட இதை இக்கட்டுரையில் ‘மும்படி’ என்று சுருக்கமாகக் குறிப்பிடலாம். இதன் உருகுநிலை சுமார் 114 டிகிரி செல்சியஸ்.

இதற்குத் தேவையானவை இரண்டு பொருள்கள். ஒன்று பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு. மற்றொன்று அம்மோனியம் குளோரைடு, அதாவது பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம். இரண்டையும் குளோரோபென்சீன் அல்லது டெட்ராகுளோரோஈத்தேன் போன்ற கரைப்பானில் கொதிக்க வைக்க வேண்டும். கரைப்பானைக் கொண்டு செய்யும் இம்முறையை 1924இல் ஷெங்க், ரோமர் ஆகியோர் உருவாக்கினர்.

3 பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு + 3 அம்மோனியம் குளோரைடு → 1 மும்படி + 12 ஹைட்ரஜன் குளோரைடு

இச்சமன்பாட்டை மாணவர்கள் நிறைக் கணக்காகச் செய்து பார்க்கலாம். 3 மோல் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடும் 3 மோல் அம்மோனியம் குளோரைடும் சேர்ந்து ஏறத்தாழ 785 கிராம். அதிலிருந்து அதிக அளவாகக் கிடைக்கக்கூடிய மும்படி 348 கிராம். மீதி 437 கிராமும் ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறும். அறை வெப்பநிலையில் அது ஏறத்தாழ 290 லிட்டர் வாயு. எடுத்த பொருளில் பாதிக்கு மேல் அரிக்கும் வாயுவாகப் போவதால், அதைக் காரக்கரைசலில் உறிஞ்ச வைக்கும் ஏற்பாடு இல்லாமல் இவ்வினையைச் செய்ய இயலாது.

வினைக்கலவையில் மும்படி மட்டும் இருக்காது. நான்கு அலகு கொண்ட நாற்படி, அதைவிடப் பெரிய வளையங்கள், குறுஞ்சங்கிலிகள் ஆகியனவும் இருக்கும். ஹெப்டேன் போன்ற கரைப்பானில் மறுபடிகமாக்கியும், வெற்றிடத்தில் பதங்கமாக்கியும் மும்படியைத் தூய்மைப்படுத்துவர். சிறிதளவு ஈரமோ மாசோ இருந்தால்கூட அடுத்த கட்ட வினையின் போக்கு மாறிவிடும்.

பாஸ்பரஸ் பென்டாகுளோரைடுக்கு மூலம் பாஸ்பேட் பாறை. அதைக் கல்கரியுடனும் மணலுடனும் மின்உலையில் சூடாக்கி வெண்பாஸ்பரஸ் எடுத்து, அதனுடன் குளோரினை வினைபுரியச் செய்வர். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டும் ஒரு பாஸ்பேட் கனிமமே. ஆயினும் அது அருமண் தனிமங்களுக்காகவும் தோரியத்துக்காகவுமே மதிக்கப்படுகிறது.

முதல் வழி: வெப்ப வளையத்திறப்புப் பலபடியாக்கல்

தூய மும்படியைக் கண்ணாடிக் குழாயில் இட்டு, காற்றை வெளியேற்றி, குழாயின் வாயை உருக்கி மூடி, 250 டிகிரி செல்சியஸில் சூடாக்குவது இம்முறை.

வினை நடக்கும் விதம் பின்வருமாறு:

1. வெப்பத்தால் ஒரு பாஸ்பரஸ்–குளோரின் பிணைப்பு அயனியாகப் பிரிகிறது. குளோரைடு விலக, பாஸ்பரஸ் நேர்மின் சுமை பெறுகிறது.
2. அந்த நேர்மின் பாஸ்பரஸை வேறொரு வளையத்தின் நைட்ரஜன் தாக்குகிறது.
3. தாக்கிய வளையம் திறந்து சங்கிலியின் பகுதியாகிறது. சங்கிலியின் புதிய முனையில் மீண்டும் நேர்மின் பாஸ்பரஸ் அமைகிறது.
4. இது அடுத்தடுத்த வளையங்களுடன் தொடர்கிறது.

கிடைக்கும் பலபடி பாலிடைகுளோரோபாஸ்பசீன். ஒரு சங்கிலியில் 15,000 அலகுகள்கூட இருக்கலாம். ஓர் அலகின் நிறை ஏறத்தாழ 116 என்பதால், அத்தகைய சங்கிலியின் மூலக்கூறு நிறை 17 இலட்சத்தைத் தாண்டும்.

நேர்மின் பாஸ்பரஸ் சங்கிலியின் முனையில் மட்டுமே உருவாகும் என்பதற்கு உறுதி இல்லை. சங்கிலியின் நடுவிலும் குளோரின் விலகலாம். அப்போது அங்கிருந்து கிளை பிரியும். கிளைகள் பக்கத்துச் சங்கிலிகளுடன் பிணையும். ஸ்டோக்ஸ் கண்ட கரையாத ரப்பர் இவ்வாறு உண்டானதே. கந்தகம் கலந்து சூடாக்கிய டயர் ரப்பர் பெட்ரோலில் கரையாமல் ஊறுவதற்கும் இதுவே காரணம்.

மும்படியின் அளவு குறையக் குறையக் குறுக்குப் பிணைப்பு மிகும். ஆகவே ஏறத்தாழ 70 விழுக்காடு மாறும் முன்பே வினையை நிறுத்த வேண்டும். குழாயைச் சாய்த்தால் உள்ளிருக்கும் உருகிய பொருள் மெல்ல நகரும் பதத்தில் இருக்கும்போதே அடுப்பை அணைக்க வேண்டும். நகராமல் நின்றுவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பவர் பதம் பார்த்து இறக்குவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். எஞ்சிய மும்படியை வெற்றிடத்தில் பதங்கமாக்கிப் பிரித்து மீண்டும் பயன்படுத்தலாம். வெப்பநிலையை மேலும் உயர்த்தி 350 டிகிரியைத் தாண்டினால், சங்கிலி உடைந்து சிறு வளையங்களாகத் திரும்பும்.

வினை எந்த அளவு நடந்துள்ளது என்பதைப் பாஸ்பரஸ்-31 அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை தெளிவாகக் காட்டும். மும்படிக்குரிய குறி ஏறத்தாழ +20இலும், பலபடிக்குரிய குறி ஏறத்தாழ −18இலும் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அலகில்) தோன்றும். இரண்டும் நன்கு விலகி நிற்பதால் குழப்பம் நேராது.

போரான் டிரைகுளோரைடு போன்ற வினையூக்கிகளைச் சேர்த்தால் குறைந்த வெப்பநிலையிலேயே வளையம் திறக்கும். டிரைகுளோரோபென்சீன் கரைப்பானில் சல்ஃபாமிக் அமிலத்தை வினையூக்கியாகக் கொண்டு சுமார் 210 டிகிரியில் செய்யும் முறையும் உண்டு. கரைசலில் நடப்பதால் கிளறுவதும் கட்டுப்படுத்துவதும் எளிது.

குளோரினை நீக்கிப் பிற தொகுதிகளை இணைத்தல்

மேற்கண்ட வினையில் கிடைப்பது இடைநிலைப் பொருள் மட்டுமே. அதிலுள்ள குளோரின் அணுக்கள் அனைத்தையும் கருக்கவர் பொருள்களால் பதிலீடு செய்தால்தான் நிலையான பாலிபாஸ்பசீன் கிடைக்கும். இதற்குப் பெருமூலக்கூறு பதிலீடு என்று பெயர். பிற பலபடிகளில் ஒற்றைப்படியைத் தேர்ந்தெடுக்கும்போதே பலபடியின் பண்பு ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. இங்கு முதலில் சங்கிலியைச் செய்துகொண்டு, அதன் பண்பை அடுத்த குடுவையில் முடிவு செய்யலாம். ஒரே சங்கிலியிலிருந்து நூற்றுக்கணக்கான பொருள்கள் பிறப்பது இதனால்தான்.

* சோடியம் டிரைஃபுளோரோஎத்தாக்சைடுடன் வினைபுரிந்தால் நீரை ஒட்டவிடாத, படலமாகவும் இழையாகவும் ஆக்கக்கூடிய பலபடி கிடைக்கும்.
* சோடியம் ஃபீனாக்சைடுடன் வினைபுரிந்தால் தீயை எதிர்க்கும் பலபடி கிடைக்கும்.
* அமீன்களுடன் வினைபுரிந்தால் அமினோ பாலிபாஸ்பசீன் கிடைக்கும். வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடைப் பிடிக்க டிரைஎத்திலமீன் சேர்ப்பர்.
* கிளைசீன் எத்தில் எஸ்டருடன் வினைபுரிந்தால் உடலுக்குள் மெல்லச் சிதையும் பலபடி கிடைக்கும். பாஸ்பேட், அம்மோனியா, கிளைசீன், எத்தனால் ஆகியவை அதன் சிதைவுப் பொருள்கள்.

முதல் இரண்டு வினைகளிலும் உடன்விளைபொருள் சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு. அதை நீரால் கழுவி நீக்கலாம்.

15,000 அலகு கொண்ட சங்கிலியில் 30,000 குளோரின் அணுக்கள் உள்ளன. அத்தனையும் மாற வேண்டும். எஞ்சி நிற்கும் ஒவ்வொரு குளோரினும் பின்னாளில் ஈரம் நுழையும் வாயிலாகிவிடும். சிறிய தொகுதிகள் எளிதாக இணையும். பருமனான தொகுதிகள் ஒன்றையொன்று நெருக்குவதால், உயர் வெப்பநிலையும் நீண்ட நேரமும் தேவைப்படும்.

இரண்டு வகைத் தொகுதிகளைக் கலந்தும் இணைக்கலாம். ஒரே வகை ஃபுளோரோஆல்காக்சி தொகுதி இருந்தால் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிப் படிகத்தன்மை பெறும். நீளம் வேறுபட்ட இரண்டு தொகுதிகளைக் கலந்தால் அந்த ஒழுங்கு குலைந்து ரப்பர் கிடைக்கும்.

இரண்டாம் வழி: அறை வெப்பநிலையில் உயிர்ப்புள்ள பலபடியாக்கல்

வெப்ப வளையத்திறப்பில் சங்கிலியின் நீளத்தைக் கட்டுப்படுத்த முடிவதில்லை. ஒரே குழாயில் சிறு சங்கிலியும் மிகப் பெரிய சங்கிலியும் கலந்திருக்கும். மருந்துத் துறை போன்றவற்றில் இது பெருங்குறை.

1995இல் ஹனிமேன், மேனர்ஸ், மாரிசே, ஆல்காக் ஆகியோர் வெளியிட்ட முறை இக்குறையைத் தீர்த்தது. இதில் வளையமே இல்லை. மூன்று குளோரின் தாங்கிய பாஸ்பரஸும், டிரைமெத்தில்சிலில் தொகுதி தாங்கிய நைட்ரஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த பாஸ்பரானிமின் என்னும் சிறு மூலக்கூறே ஒற்றைப்படி. டைகுளோரோமீத்தேன் கரைசலில் இதனுடன் மிகச் சிறிதளவு பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு சேர்த்தால் அறை வெப்பநிலையிலேயே சங்கிலி வளரும்.

இரண்டு பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு மூலக்கூறுகள் ஒரு ஒற்றைப்படியுடன் சேர்ந்து ஒரு தொடக்க நேரயனியை உருவாக்கும், எதிரயனி ஹெக்சாகுளோரோபாஸ்பேட். பிறகு ஒவ்வொரு ஒற்றைப்படியும் இணையும்போது ஒரு டிரைமெத்தில்சிலில் குளோரைடு மூலக்கூறு வெளியேறும். ஒற்றைப்படி தீர்ந்த பின்னும் சங்கிலியின் முனை உயிர்ப்புடன் இருக்கும். மேலும் ஒற்றைப்படி சேர்த்தால் வளர்ச்சி தொடரும். இதனால்தான் இதற்கு உயிர்ப்புள்ள பலபடியாக்கல் என்று பெயர்.

சங்கிலியின் நீளத்தை எளிய கணக்கால் அறியலாம். ஒரு தொடக்க அயனிக்கு 100 ஒற்றைப்படி என்ற விகிதத்தில் எடுத்தால், சங்கிலிகள் சராசரியாக 100 அலகு நீளமும் ஏறத்தாழ 11,600 மூலக்கூறு நிறையும் பெறும். 200 எடுத்தால் இவை இருமடங்காகும். ஒரு பலபடியின் முனையில் வேறொரு பலபடியை வளர்த்துத் தொகுதிப் பலபடிகளையும், நடுவிலிருந்து பல கைகள் விரியும் விண்மீன் வடிவப் பலபடிகளையும் செய்ய இம்முறை வழிவிட்டது.

ஒற்றைப்படியைத் தூய்மையாகவும் அதிக விளைச்சலுடனும் பெறுவதே இம்முறையின் சிக்கல். தொடக்கத்தில் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடையும் லித்தியம் பிஸ்(டிரைமெத்தில்சிலில்)அமைடையும் கடுங்குளிரில் வினைபுரியச் செய்து அதைப் பெற்றனர். பின்னர், முதலில் பாஸ்பரஸ் டிரைகுளோரைடுடன் வினைபுரியச் செய்து, அடுத்துச் சல்ஃபியூரைல் குளோரைடு சேர்க்கும் மேம்பட்ட முறை வந்தது.

மூன்றாம் வழி: குறுக்கப் பலபடியாக்கல்

சிறு மூலக்கூறு ஒன்று வெளியேற, ஒற்றைப்படிகள் ஒன்றோடொன்று இணையும் வினை குறுக்கப் பலபடியாக்கல் ஆகும். இதில் இரு முறைகள் குறிப்பிடத்தக்கவை.

*டி யேகர் முறை:* பிரான்சின் லீல் நகரில் ரோஜர் டி யேகரும் உடனுழைத்தோரும் வளர்த்த முறை இது. ஒரு முனையில் டிரைகுளோரோபாஸ்பரஸும் மறுமுனையில் டைகுளோரோபாஸ்பரைல் தொகுதியும் நைட்ரஜனால் இணைந்த சேர்மமே ஒற்றைப்படி. இதை 240 முதல் 290 டிகிரி வரை சூடாக்கினால் பாஸ்பரைல் குளோரைடு ஆவியாக வெளியேற, பாலிடைகுளோரோபாஸ்பசீன் எஞ்சும். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு, அம்மோனியம் சல்பேட் போன்ற எளிய பொருள்களிலிருந்தே ஒற்றைப்படியைப் பெறலாம். மும்படியைப் பிரித்தெடுக்கும் வேலை இல்லை. வெளியேறும் பாஸ்பரைல் குளோரைடும் பயனுள்ள பொருள். ஆகவே செலவைக் குறைக்க விரும்பியோரின் கவனத்தை இம்முறை ஈர்த்தது.

*விசியன்-நீல்சன், நீல்சன் முறை:* இதுவரை கண்ட பதிலீடுகளில் பாஸ்பரஸுடன் நேரடியாக இணைவது ஆக்சிஜன் அல்லது நைட்ரஜன். மெத்தில் போன்ற கார்பன் தொகுதியை நேரடியாக இணைக்க வேண்டுமானால் கிரிக்னார்டு வினைப்பொருள் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டும். அவை குளோரினை நீக்குவதோடு நில்லாமல் முதுகெலும்பையும் வெட்டிவிடும். 1980இல் இவ்விருவரும் இதற்கு மாற்றுவழி கண்டனர். இரண்டு மெத்தில் தொகுதிகளையும் ஒரு டிரைஃபுளோரோஎத்தாக்சி தொகுதியையும் தாங்கிய பாஸ்பரானிமினைச் சுமார் 190 டிகிரியில் மூடிய கலனில் சூடாக்கினர். சிலில் ஈதர் வெளியேற, பாலிடைமெத்தில்பாஸ்பசீன் கிடைத்தது. பக்கத் தொகுதி ஒற்றைப்படியிலேயே இருப்பதால் பதிலீட்டு வினையே தேவையில்லை. எஞ்சிய குளோரின் என்ற கவலையும் இல்லை.

பிற வழிகள்

2008இல் ரீட், மேனர்ஸ் குழுவினர் சிலிலியம் அயனியை வினையூக்கியாகக் கொண்டு மும்படியையே அறை வெப்பநிலையில் திறக்க முடியும் என்று காட்டினர். 250 டிகிரியில் நடந்த வினை சாதாரண வெப்பநிலைக்கு இறங்கியது வியப்புக்குரியது. ஆனால் அவ்வினையூக்கி விலை மிக்கது, ஈரத்தைச் சற்றும் தாங்காதது. 2014இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் டீஸ்டேல் குழுவினர் பாஸ்பீன்களைக் கொண்டு உயிர்ப்புள்ள பலபடியாக்கலைத் தொடங்கி, சங்கிலியின் முனையில் வேண்டிய தொகுதியை வைக்கும் முறையைக் கண்டனர். டைஃபீனைல்பாஸ்பரஸ் குளோரைடுடன் அசைடு உப்பை வினைபுரியச் செய்யும் பழைய முறையும் உண்டு. அசைடுகள் வெடிக்கும் தன்மையுள்ளவை என்பதால் அது பரவலாகவில்லை.

இந்தியாவில் பாஸ்பசீன் ஆய்வு

இந்தியாவில் இத்துறை பெரும்பாலும் வளையச் சேர்மங்களின் வழியாகவே வளர்ந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கனிம, இயற்பியல் வேதியியல் துறையில் எஸ். எஸ். கிருஷ்ணமூர்த்தி, ஏ. ஆர். வாசுதேவ மூர்த்தி ஆகியோர் 1970களில் குளோரோ மும்படியும் நாற்படியும் அமீன்களுடன் எவ்வாறு வினைபுரிகின்றன என்பதை ஆராய்ந்தனர். லண்டன் பர்க்பெக் கல்லூரியின் ராபர்ட் ஷாவுடன் இணைந்து நடந்த இப்பணியில், நாற்படி வளையத்தின் எதிரெதிர்ப் பாஸ்பரஸ்களை ஒரு நைட்ரஜன் பாலமாக இணைக்கும் இருவளையப் பாஸ்பசீன்கள் கண்டறியப்பட்டன. 1978இல் கிருஷ்ணமூர்த்தி, சாவ், உட்ஸ் ஆகியோர் எழுதிய வளையப் பாஸ்பசீன்கள் பற்றிய விரிவான மீளாய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

வளைய ஆய்வுக்கும் பலபடிக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழலாம். ஆறு குளோரின் கொண்ட சிறு வளையத்தில் எந்தத் தொகுதி எங்கே, எவ்வளவு எளிதாக இணைகிறது என்பதைத் துல்லியமாக அறிய முடியும். முப்பதாயிரம் குளோரின் கொண்ட சங்கிலியில் அது கடினம். ஆகவே புதிய பதிலீட்டு வினையைச் சங்கிலியில் செய்வதற்கு முன் வளையத்தில் செய்து பார்ப்பது இத்துறையின் வழக்கம்.

இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வுப்பட்டம் பெற்ற வி. சந்திரசேகர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மற்றொரு திசையில் சென்றார். கார்பன் முதுகெலும்பு கொண்ட பலபடியில் பாஸ்பசீன் வளையங்களைப் பக்கத் தொகுதிகளாகத் தொங்கவிடும் முறை அது. அவ்வளையங்களில் பைரசோல் தொகுதிகளை இணைத்துத் தாமிர அயனிகளைப் பிடிக்கச் செய்து, பாஸ்பேட் எஸ்டர்களை நீராற்பகுக்கும் வினையூக்கிகளை அவருடைய குழு உருவாக்கியது. கனிமப் பலபடிகள் பற்றி 2005இல் வெளியான அவருடைய பாடநூல் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு நல்ல துணை.

பயன்கள்

ஃபுளோரோஆல்காக்சி பாலிபாஸ்பசீன் ரப்பர்கள் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன், எத்தில் கார்ப்பரேஷன் நிறுவனங்களால் தயாரிக்கப்பட்டன. எரிபொருளும் கடுங்குளிரும் ஒருசேரத் தாக்கும் இடங்களில் கசிவடைப்பு வளையங்களாக அவை பயன்பட்டன. பொய்ப்பல் தகட்டின் மென்மையான உள்பூச்சாகவும் இவ்வகை ரப்பர் பயன்பட்டுள்ளது. ஈதர் சங்கிலிகளைப் பக்கத் தொகுதியாகக் கொண்ட பாலிபாஸ்பசீன் லித்தியம் அயனிகளைக் கடத்தும் என்பது 1984இல் அறியப்பட்டது. திண்மநிலை மின்கல ஆய்வில் அது இன்றும் பேசப்படுகிறது. கார்பாக்சிலேட் தொகுதி கொண்ட, நீரில் கரையும் பாலிபாஸ்பசீன் தடுப்பூசியின் ஆற்றலைக் கூட்டும் துணைப்பொருளாக ஆராயப்பட்டுள்ளது. டிரைஃபுளோரோஎத்தாக்சி பாலிபாஸ்பசீன் பூசிய இதயத் தமனி ஸ்டென்ட் ஒன்றுக்கு 2017இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் வழங்கியது.

பாதுகாப்பும் எல்லைகளும்

இவ்வினைகள் பள்ளி ஆய்வகத்தில் செய்யத்தக்கவை அல்ல. பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு ஈரத்துடன் கடுமையாக வினைபுரிந்து அமிலப் புகையை வெளியிடும். கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். வேதி ஆயுதத் தடை உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளதால் அதன் உற்பத்தியும் வணிகமும் கண்காணிக்கப்படுகின்றன. மூடிய குழாயை 250 டிகிரிக்குச் சூடாக்குவதில் குழாய் வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

இத்தனை நல்ல பண்புகள் இருந்தும் பாலிபாஸ்பசீன் கடைத்தெருவுக்கு வராததற்குக் காரணம் விலை. மும்படியைத் தூய்மையாக்கும் செலவு, ஈரம் அணுகாத கலன்கள், இரண்டு கட்ட வினை, வெளியேறும் அமிலத்தைக் கையாளும் ஏற்பாடு ஆகியவை சேர்ந்து அதன் விலையை உயர்த்துகின்றன. ஆகவே வேறு பொருள் எதுவும் ஈடுகொடுக்க முடியாத இடங்களில் மட்டுமே அது பயன்படுகிறது. குறைந்த செலவில், குறைந்த கழிவுடன், கரையக்கூடிய பாலிடைகுளோரோபாஸ்பசீனைப் பெறும் வழி இன்றும் தேடப்படுகிறது. ஸ்டோக்ஸின் கரையாத ரப்பரில் கற்ற பாடம் அத்தேடலிலும் பொருந்தும்: எந்தப் பொருள்களை எடுக்கிறோம் என்பதைப் போலவே, வினையை எந்தக் கட்டத்தில் நிறுத்துகிறோம் என்பதும் கிடைக்கும் பலபடியை முடிவு செய்கிறது.